மேகக்காட்டில் ஜிப்லைன்: வாசகர் கேள்வி – பதில்

கோஸ்டா ரிக்காவின் மோன்டேவெர்டே மலையில், முதுகுப்பையோடு ஒரு பகல் முழுக்கக் காட்டில் நடந்து, நடுவே ஜிப்லைனிலும் (உயரே கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது) போய்வர ஆசைப்படும் வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்ப்பவர்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் பெற்றோர்கள் சிலர். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நுழைவு விதி உங்களிடம் இருக்கும் அமெரிக்க அல்லது கனடிய விசாவின் வகையைப் பொறுத்து மாறும். டிக்கெட் போடும் முன்பே கோஸ்டா ரிக்கா தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

லா ஃபோர்ட்டூனாவில் மூன்று நாள் தங்குகிறோம். அங்கிருந்து காலையில் கிளம்பி மோன்டேவெர்டேயில் ஜிப்லைன், காட்டு நடை இரண்டையும் முடித்துக்கொண்டு இரவு திரும்ப முடியுமா?
— வாசகர், ஹூஸ்டன்

முடியும், ஆனால் பகலில் பாதி வண்டியிலேயே போய்விடும். வரைபடத்தில் இரண்டு ஊரும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நடுவே அரேனால் ஏரியும் மலையும் இருக்கின்றன. ஏரியைச் சுற்றிச் சாலையில் போனால் மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். வேனில் ஏரிக்கரை வரை, படகில் ஏரியைக் கடந்து, மீண்டும் வேன் என்று போனாலும் மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே முந்தின இரவே சாண்டா எலெனாவில் தங்குங்கள். மோன்டேவெர்டேயின் கடைவீதி, பேருந்து, விடுதிகள் எல்லாம் இந்தச் சிற்றூரில்தான். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து நேரே வருவதானால் பேருந்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய வரிசை இப்படி இருக்கட்டும்: காலை முதல் அணியில் ஜிப்லைன். உடுப்பு (ஆளைக் கம்பியில் தொங்கவிடும் பட்டைகள்) மாட்டுவது, செய்முறை விளக்கம், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். பத்தரைக்குள் கீழே வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரை வாக்கில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நுழைந்தால் இரண்டரை மணி நேரம் நிதானமாக நடக்கலாம். காப்புக்காட்டில் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நுழைவுச் சீட்டை முன்பே வாங்கிவிட வேண்டும். ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடுகிறது. மரங்களுக்கு அடியில் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும்.

ஜிப்லைனை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறோம் என்றால், மே முதல் நவம்பர் வரை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். மழையில் நடக்கலாம், இடி இடித்தால் கம்பியை மூடிவிடுவார்கள். பறவைக்காகவே வருகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை ஆகாது. விடியற்காலைதான் அவர்களுக்குரிய நேரம். ஜிப்லைனை அவர்கள் அடுத்த நாளுக்குத் தள்ளிவிடலாம்.

டிசம்பர் விடுமுறையில் போகிறோம். வறண்ட பருவம் என்கிறார்கள். மழைக்கோட்டு தேவையா?
— வாசகி, டொரான்டோ

அவசியம் தேவை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம் என்பது கடற்கரைக்கும் சமவெளிக்கும் பொருந்தும். சுமார் 1,400 மீட்டரிலும் அதற்கு மேலும் இருக்கும் இந்த மலைமுகட்டில், கரீபியக் கடலிலிருந்து வரும் காற்று மேகத்தைக் கொண்டுவந்து மரங்களின்மேல் மோதுகிறது. தூறல் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து நனைக்கும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில்தான் காற்று மிகக் கடுமை. காற்றினாலும் ஜிப்லைன் நிறுத்தப்படுவதுண்டு. பதிவு செய்யும்போதே, நிறுத்தினால் பணம் திரும்புமா, நேரம் மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போன்ச்சோ, அதாவது தலைவழியே மாட்டிக்கொள்ளும் தளர்ந்த மழைப்போர்வை, கொண்டுவருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போன்ச்சோ நடைக்கு நல்லது. கம்பியில் போடவே கூடாது. காற்றில் அது மேலெழுந்து தலைக்கு மேலே ஓடும் கப்பியில் சிக்கும். உடலோடு ஒட்டிய, ஜிப் வைத்த மழைச்சட்டைதான் சரி.

முதுகுப்பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? பையை மாட்டிக்கொண்டே சறுக்கலாமா?
— வாசகர், சென்னை

மாட்டிக்கொண்டு போக வேண்டாம். பையின் தொங்கும் பட்டைகள் கப்பிப் பக்கம் பறக்கும். முதுகில் நாலு கிலோ இருந்தாலே உடல் பின்னால் சாய்ந்து, திரும்பி, நிறுத்தும் நேரத்தில் கை எட்டாமல் போகும். நல்ல நிறுவனங்கள் பெட்டகம் தருகின்றன. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கிளம்பும் இடமும் முடியும் இடமும் ஒன்றுதானா? வேறு வேறு என்றால் பையை யார், எதில் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? கம்பியில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஜிப் வைத்த சட்டைப்பையில் கைக்குட்டை, மாத்திரை, ஒரு சிறு இனிப்பு போதும். கைப்பேசியைக் கையில் எடுத்தால் அது காட்டுக்குள் விழும். தேடி எடுக்க யாரும் இறங்க மாட்டார்கள்.

பை 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். அதனுள் முதலில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை. மற்ற எல்லாம் அதற்குள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் (ஊர்க் குழாய்த் தண்ணீரையே நிரப்பிக்கொள்ளலாம்), மழைச்சட்டை, ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது, பாஸ்போர்ட்டின் நகல், கொஞ்சம் கொலோன் (உள்ளூர்ப் பணம்) நோட்டுகள். இருநோக்கி இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். அது இல்லாமல் மேகக்காட்டில் நடப்பவர் பாதியைத் தவறவிடுகிறார். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. 16, 17 டிகிரியில் காற்றும் சேர்ந்தால் ஈர ஜீன்ஸ் உடம்பை நடுங்க வைத்துவிடும்.

வெயில் களிம்பை முதலில் தடவி, அது ஊறிய பிறகு பூச்சி விரட்டி. மாற்றிச் செய்தால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கை இளக்கும், ஆகவே கைக்கடிகாரத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் 104 கிலோ. மகள் 29 கிலோ. இருவரும் போகலாமா? எடை குறைந்தவர்கள் நடுவழியில் நின்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். கனமானவர்தானே சிரமப்பட வேண்டும்?
— வாசகி, டல்லாஸ்

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கனமானவருக்குத் தொல்லை வேகத்தில்; லேசானவருக்குத் தொல்லை வேகம் போதாமையில்.

காரணம் இது. கீழே இழுக்கும் விசை எடைக்குத் தக்கபடி கூடுகிறது. எதிர்த்துத் தள்ளும் காற்றின் தடையோ, உடம்பின் முகப்பரப்பைப் பொறுத்தது. 104 கிலோக்காரர் 29 கிலோச் சிறுமியைவிட மூன்றரை மடங்கு கனம். ஆனால் மூன்றரை மடங்கு அகலம் இல்லை. எனவே அவர் அதிக வேகத்தில் வந்து சேருவார். கம்பியோ நேர்கோடாக இருப்பதில்லை. தன் கனத்தாலும் ஆளின் கனத்தாலும் நடுவில் தொய்கிறது. மிகத் தாழ்ந்த இடம் முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கும். அதிலிருந்து கடைசித் துண்டு மேல்நோக்கி ஏறும். வேகத்தைத் தானாகக் குறைப்பதற்காகவே இப்படி அமைக்கிறார்கள். எடை குறைந்தவர் அந்த ஏற்றத்தை முடிக்காமல் நின்று, தாழ்ந்த இடத்துக்கே பின்னால் உருண்டுவிடுவார். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் முன்னதாகவே நின்றுவிடுவார்.

உங்கள் கணவர்: பெரும்பாலான இடங்களில் உச்ச எடை வரம்பு 115 முதல் 125 கிலோ வரை இருக்கும், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிவின்போது உண்மையான எடையைச் சொல்லுங்கள். ஐந்து கிலோ குறைத்துச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை, வரவேற்பு மேசையிலேயே நிறுத்துப் பார்ப்பார்கள். வயிறு பெரியவராக இருந்தால், இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்காமல் கீழே வழுகும். மார்புப் பட்டையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். சறுக்கும்போது கால்களை அகட்டி, உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினால் வேகம் குறையும்.

உங்கள் மகள்: குட்டைக் கம்பிகளில் தனியாகவும், நீளக் கம்பிகளில் வழிகாட்டியோடு இரட்டையாகவும் அனுப்புவார்கள். அது அவளுடைய தைரியத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை, எடைக் கணக்கு மட்டுமே என்பதை அவளிடம் முன்பே சொல்லிவைத்தால் அங்கே அழுகை வராது. சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு அகலம் போதாது. தலைகீழானால் இடுப்பு உடுப்பிலிருந்து நழுவிவிட முடியும். ஆகவே தோள்வரை வரும் முழுவுடல் உடுப்பையே வற்புறுத்துங்கள். தனியாகப் போகும் கம்பியில் மல்லாந்து சாய்ந்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்து, கணுக்கால்களைப் பின்னிக்கொள்ளட்டும்.

இந்த ஊரில் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும் கம்பியும் இருக்கிறது. முதுகில் கொக்கி மாட்டி, முகம் கீழே பார்க்கக் குப்புறப் பறக்கும் வகை. முதல் முறை வரும் குடும்பம் அதில் தொடங்க வேண்டியதில்லை.

எப்படி நிறுத்துவது? கையால் என்கிறார்கள், கேட்கவே பயமாக இருக்கிறது.
— வாசகர், நியூ ஜெர்சி

இரண்டு முறை உண்டு. ஒன்றில் பயணி எதுவும் செய்ய வேண்டியதில்லை. கப்பியிலேயே கைப்பிடி இருக்கும். முடிவிடத்தில் சுருள்வில்லோ, கயிறு கட்டிய தடுப்புக்கட்டையோ வந்து நிறுத்தும். லேசான உதறல் இருக்கும், அவ்வளவுதான். பயப்படுகிறவர்கள் இந்த வகை வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றது கையுறை முறை. உள்ளங்கையில் தடித்த தோல் இரட்டையாகத் தைத்த கையுறை தருவார்கள். வலுவான கையைக் கப்பிக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, கம்பியின்மேல் விரித்து வைக்க வேண்டும். பிடிக்கக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், உடம்பு சுழலாமல் நேராகப் போகும். எதிரே நிற்கும் வழிகாட்டி சைகை காட்டியதும் அந்தக் கையால் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இன்னொரு கை உங்களைத் தொங்கவிட்டிருக்கும் பட்டையில் இருக்கட்டும்.

தவறுகள் மூன்று நடக்கின்றன. கையைக் கப்பிக்கு முன்னால் வைப்பது மிக மோசம், சக்கரம் விரல்மேல் ஏறிவிடும். இரண்டாவது, கம்பியை இறுகப் பற்றுவது. கை நின்றுவிட உடம்பு முன்னால் போய்த் தோள்மூட்டு இழுபடும். மூன்றாவதும் அதிகம் நடப்பதும், பயத்தில் பாதி வழியிலேயே அழுத்திவிடுவது. அப்போது மேடை வருவதற்குள் நின்றுபோவீர்கள்.

நின்றுவிட்டால் உடனே கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் உருளும். பிறகு உடம்பைத் திருப்பி, வந்த பக்கத்தைப் பார்த்தபடி, கை மாற்றிக் கை கம்பியை இழுத்து முதுகுப்பக்கமாக மேடைக்குப் போகலாம். முடியாவிட்டால் பேசாமல் இருங்கள். வழிகாட்டி வந்து இழுத்துப் போவார். காத்திருக்கும்போது கால்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருங்கள். பட்டை தொடையை அழுத்த, கால்கள் அசையாமல் தொங்கினால் ரத்தம் கீழேயே தேங்கி மயக்கம் வரும்.

மழையில் இன்னொன்று: நனைந்த இரும்புக் கம்பியில் தோல் கையுறைக்குப் பிடிமானம் குறைவு. வழக்கத்தைவிட முன்னதாகவே சைகை வரும். கண்ணை வழிகாட்டியின் கையிலேயே வைத்திருங்கள்.

நிறுவனம் நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோருமே பாதுகாப்பு என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள்.
— வாசகர், கலிஃபோர்னியா

விளம்பரத்தை விட்டுவிட்டு முதல் மேடையில் நின்று பாருங்கள். சர்வதேச அளவில் ஏ.சி.சி.டி., ஏ.எஸ்.டி.எம். எஃப் 2959, ஐரோப்பாவின் ஈ.என். 15567 ஆகிய தரநிலைகள் உள்ளன. எதைப் பின்பற்றுகிறார்கள், கடைசியாக வெளியாள் வந்து சோதித்தது எப்போது என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஜிப்லைனில் கம்பியே அறுந்து விபத்து நடப்பது அரிது. ஆளை மாட்டாமலோ அரைகுறையாக மாட்டியோ அனுப்புவது, முன்னால் போனவர் மேடை சேரும் முன் அடுத்தவரை விடுவது, மேடையில் கழற்றி மாட்டும் நேரத்தில் தவறி விழுவது, இவைதான் ஆளைக் கொல்கின்றன. எனவே பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு இணைப்புப் பட்டைகள் இருக்கின்றனவா? மேடையில் ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்கிறதா? கொக்கியின் வாய் திருகியோ தானாகவோ பூட்டிக்கொள்கிறதா? மாட்டியவரைத் தவிர இன்னொரு வழிகாட்டி தொட்டுச் சரிபார்க்கிறாரா? எதிர் மேடையிலிருந்து ரேடியோவிலோ சைகையிலோ பதில் வந்த பிறகுதான் விடுகிறார்களா? இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பணத்தைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

உங்கள் உடுப்பை நீங்களும் பாருங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே. தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், முழுக்கை நுழையக் கூடாது. தலைக்கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும்.

மேடை மரத்தையும் கவனியுங்கள் என்று சொல்வோம். கம்பியை நேரடியாக அடிமரத்தில் சுற்றியிருந்தால், மரம் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் வெட்டிப்போய் மரத்தைச் சாகடிக்கும். இடையில் மரக்கட்டைகள் கொடுத்து, அவ்வப்போது தளர்த்துகிறவர்கள் மரத்தைப் போலவே மனிதரையும் பேணுவார்கள்.

சேலை, சுடிதார், தாலி, நீளமான கூந்தல். இவற்றோடு போகலாமா?
— வாசகி, மதுரை

சேலை முடியாது. சுடிதார் என்றால் துப்பட்டா இல்லாமல், மேல்சட்டை குட்டையாக, கீழே இறுக்கமான கால்சட்டையோடு. அகலமான பக்கவெட்டு டாப்ஸ் தொடைப் பட்டைக்குள் சுருண்டு தோலை அறுக்கும். தொடைவரை மூடிய, இழுபடும் துணியில் கால்சட்டைதான் மிக வசதி.

கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, சட்டையின் பின்கழுத்துக்குள் செருகிவிடுங்கள். பறக்கும் முடி கப்பிக்குள் போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெரிய கிளிப் தலைக்கவசத்தை உட்காரவிடாது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலின் தோலையே உரித்துவிடும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, உள்ளாடையோடு ஊக்கால் குத்தி, மேலே கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொள்ளலாம். மெட்டி போட்டிருந்தால் தடித்த சாக்ஸ் அவசியம், ஈரச் சப்பாத்தில் நடந்தால் பக்கத்து விரல் புண்ணாகிவிடும். செருப்புக்கு அனுமதியில்லை.

ஜிப்லைனில் போகும்போது குரங்கு, கெட்ஸால் பறவை எல்லாம் தெரியுமா?
— வாசகர், திருச்சி

தெரியாது. கப்பியின் இரைச்சலில் எதுவும் பக்கத்தில் நிற்காது. மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் போகிறவர் கண்ணுக்குப் பச்சையும் பனியும்தான் தெரியும். அதற்காகத்தான் நடையையும் அதே நாளில் வையுங்கள் என்று விடாமல் சொல்கிறோம். வெறும் ஜிப்லைனுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை; இந்தக் காடு வேறெங்கும் இல்லை.

நம் நீலகிரிச் சோலைக்காட்டை அறிந்தவருக்கு இங்கே நுழைந்ததுமே ஓர் ஒற்றுமை புலப்படும்: பாசி மூடிய கிளைகள், காலடியில் ஈரம், நடுவே புகுந்து போகும் மேகம். ஆனால் இங்கே ஒரு மரத்தின்மேல் வளரும் செடிகளே ஒரு தோட்டம் அளவு இருக்கும். ஆர்க்கிட் மட்டும் நானூறு வகைக்கு மேல். பெரும்பாலானவை குண்டூசித் தலை அளவுப் பூக்கள் என்பதால் வழிகாட்டியும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் கண்ணில் படாது.

கெட்ஸாலைப் பார்க்கப் பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான காலைகள் நல்லவை. காட்டு வெண்ணெய்ப்பழ மரம் காய்த்திருக்கும் இடத்தை வழிகாட்டிகள் அறிவார்கள். அதன் சிறு பழங்களைத் தின்னத்தான் பறவை வரும்.

இந்தக் காடு தப்பித்த கதையையும் அறிந்து போங்கள். 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. போரை மறுப்பவர்கள், இராணுவத்தைக் கலைத்திருந்த நாடு என்பதால் கோஸ்டா ரிக்காவைத் தேர்ந்தார்கள். பால்பண்ணைக்கு நிலம் திருத்தியபோதும் ஊற்றுகள் பிறக்கும் மேல்காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972இல் காப்புக்காடு உருவானது. 1987இல் ஸ்வீடனின் ஒரு கிராமப் பள்ளிப் பிள்ளைகள் காடு வாங்கப் பணம் திரட்டத் தொடங்க, ‘குழந்தைகளின் நிலைத்த காடு’ பிறந்தது. தப்பாத உயிரும் ஒன்று உண்டு: இந்த மலைமுகட்டில் மட்டும் வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் மாற்று அறுவை ஆகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். வர ஆசைப்படுகிறார்.
— வாசகர், சிகாகோ

கம்பியில் வேண்டாம். மேடை சேரும்போது காலை ஊன்றும் அதிர்ச்சி மாற்று முழங்காலுக்கு ஆகாது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையிலோ வயிற்றிலோ படும் சிறு அடியும் உள்ளே ரத்தக் கசிவாகலாம். மேடைகளுக்கிடையே ஏற வேண்டிய படிகளும் நிறைய. கர்ப்பிணிகள், தோள் நழுவிய அனுபவம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத வலிப்பு அல்லது இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை செய்தவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

அம்மாவுக்குத் தொங்குபாலங்கள் இருக்கின்றன. மர உச்சிகளின் மட்டத்தில் இரும்புப் பாலங்கள்மேல் மெதுவாக நடக்கலாம். ஜிப்லைனில் போகிறவர்களைவிட அவர் அதிகம் பார்ப்பார். கைத்தடி கொண்டுபோகட்டும். கைப்பிடிக் கம்பியைத் தொடும் முன் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். பச்சை நிற மரவிரியன் சில சமயம் செடிகளிலும் கைப்பிடிகளிலும் சுருண்டு கிடக்கும். பாதையை விட்டு இறங்காதவரை பாம்புக்கடி அரிது. அவசர உதவிக்கு எண் 911.

நாங்கள் சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்?
— வாசகி, கோவை

காலையில் ‘காயோ பிந்தோ’: சோறும் கருப்பு பீன்ஸும் கிளறியது. மதியம் ‘கசாதோ’: சோறு, பீன்ஸ், பொரித்த நேந்திரம்பழம், சாலட். இறைச்சிக்குப் பதில் முட்டையோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தரச் சொல்லலாம். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியைத்தான் விலக்குவார்கள். கோழியோ பன்றித் துண்டோ வந்துவிடும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸைச் சில வீடுகளில் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள். ‘சின் மந்தேகா தே செர்தோ’ என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். ஜிப்லைனுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். தொடைப் பட்டையும் இடுப்புப் பட்டையும் அழுத்தும்போது குமட்டும். ஒரு வாழைப்பழமும் காபியும் போதும்; பத்தரைக்கு இறங்கி வந்து காயோ பிந்தோவைத் தாராளமாகச் சாப்பிடலாம்.